ஆறு நேராத்தான் வருது... ஃபைல்தான் கோணலா போவுது!

திருவக்கரைக்கு நீங்கள் வந்திருக்கலாம். பௌர்ணமி ராத்திரியில் புதுச்சேரியிலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றபடி வந்து, வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டு, ஜோதி பார்த்துவிட்டு, கையில் எலுமிச்சம்பழத்தோடு திரும்பியிருக்கலாம். அப்போது ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? ராஜகோபுரம், கொடிமரம், நந்தி, மூலவர்... நாலும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. ஒன்றுக்கொன்று கொஞ்சம் விலகித்தான் நிற்கும். வக்கிராசுரன் பூஜித்த தலம், அதனால் எல்லாமே 'வக்கிரம்' என்பார்கள்.

இதை எங்கள் பெரியப்பா வேறு மாதிரி சொல்வார்.

"சாமி கோணலா உட்கார்ந்திருந்தாலும் கேட்டத நேரா குடுத்துடுது. ஆபீஸ்ல எல்லாரும் நேராத்தான் உட்கார்ந்திருக்காங்க... ஃபைல்தான்டா கோணலா போவுது!"

அவர் இதைச் சும்மா சொல்லவில்லை. ஒரு ஓடை, ஒரு சிறுபாலம், நூறு அடி ஆற்றங்கரை. இந்த மூன்றுக்காக எங்கள் ஊரே அலைந்த கதை இது. ஊர்ப் பெயர் வேண்டாம். திருவக்கரையிலிருந்து கூப்பிடு தூரம், சங்கராபரணி ஆற்றோரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற ஆசாமி. சனிக்கிழமை சாயந்திரம் ஊருக்கு, திங்கட்கிழமை காலை திரும்ப டூட்டிக்கு. உங்களில் பாதிப் பேர் அப்படித்தானே?

வெள்ளத்தில் வந்த கல்மரம்

திருவக்கரைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கல்மரப் பூங்கா. சுமார் இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இதைப் பற்றி 1781-லேயே ஐரோப்பியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் பூங்காவாக்கியது.

ஸ்கூல் படிக்கும்போது எங்களை அங்கே அழைத்துப் போனார்கள். கிழித்த பென்சில் மாதிரி வரிவரியாக இருந்த ஒரு கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து வாத்தியாரிடம் அடி வாங்கியதுதான் எனக்கு ஞாபகம். முக்கியமான விஷயத்தைக் கோட்டை விட்டுவிட்டேன். அந்த மரங்களில் கிளை கிடையாது, வேர் கிடையாது, இலை கிடையாது. வெறும் அடிமரம் மட்டும். ஏன்? அவை அங்கே முளைத்தவை அல்ல, எங்கோ முளைத்து, பெருவெள்ளம் பிடுங்கி, உருட்டி, இங்கே கொண்டுவந்து மணலில் புதைத்தவை என்கிறார்கள் புவியியல் நிபுணர்கள்.

அதாவது சார், இந்த மண்ணுக்கு வெள்ளம் என்பது இரண்டு கோடி வருஷப் பழைய சொந்தக்காரன். சொல்லாமல் கொள்ளாமல் வருவான். வந்தால் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போவான். சொந்தக்காரன் வருவான் என்று தெரிந்த பிறகும் நாம் வாசலில் கல்லைப் போட்டு அடைத்து வைத்தால், அவன் கூரையைப் பிரித்துக்கொண்டு இறங்குகிறான்!

ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்

2024 செப்டம்பர். ஒரு சனிக்கிழமை ராத்திரி, சாப்பிட்டுக் கை கழுவும்போது பெரியப்பா வந்து நின்றார். கையில் நோட்டுப் புத்தகத்தில் கிழித்த ஒரு தாள்.

"தம்பி... இத கொஞ்சம் டைப் அடிச்சிக் குடுடா. ஏரிக்கோடி ஓடை மொத்தமா தூந்து போச்சி. முள்ளு ஆளுயரத்துக்கு நிக்குது. மழைக்கு முன்னால மனு குடுத்துடணும்."

"சரி பெரிப்பா. நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, பார்க்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பனுக்குக் கல்யாணம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட். அதற்கடுத்த வாரம் ஆபீஸில் ஆடிட்டிங். செல்போனில் பாதி அடித்து வைத்தேன். 'பெறுநர்: உயர்திரு...' அதோடு நின்றது. தீபாவளிக்குப் போனபோது பெரியப்பா கேட்கவில்லை. அவருக்குக் கேட்கிற பழக்கம் கிடையாது. நானும் ஞாபகப்படுத்தவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடந்தது என்றால் கடந்து போய்விடவில்லை. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அங்கேயே உட்கார்ந்துகொண்டது! மறுநாள் காலைக்குள் புதுச்சேரியில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. எங்கள் பக்கத்து மயிலத்தில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்துவிட்டது.

50 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு? ஒரு ஏக்கர் கழனியில் மட்டும் இருபது லட்சம் லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அளந்தால் 168 லோடு. ஒரே ஒரு ஏக்கருக்கு!

செஞ்சி மலைப் பக்கம் பிறந்து வருகிற சங்கராபரணிக்கு வராக நதி, செஞ்சி ஆறு என்றெல்லாம் பெயர்கள் உண்டு. திருவக்கரைக்கு மேலே வீடூரில் அதன் குறுக்கே அணை இருக்கிறது. 32 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கலாம். கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. இது பாசனத்துக்குக் கட்டின அணை. தமிழ்நாட்டில் 2,200 ஏக்கர், புதுச்சேரியில் 1,000 ஏக்கர். வினாடிக்குப் பத்தாயிரம் கன அடி வந்தால், காலியாக இருக்கிற அணைகூடப் பதினேழு மணி நேரத்தில் ரொம்பிவிடும். மழைக்காலத்தில் அணை ஏற்கெனவே பாதிக்கு மேல் நிற்கும். ஆக, பெருமழை வந்தால் அணை வெள்ளத்தைக் கொஞ்ச நேரம்தான் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும். அப்புறம் இறக்கி விட்டே ஆகவேண்டும். இறக்கி விட்டால் முதலில் நாங்கள்தான்.

அன்று ராத்திரி நான் புதுச்சேரியில் ரூமில் கரண்ட் இல்லாமல், மெழுகுவத்தி வெளிச்சத்தில் பிரட் தின்றுகொண்டிருந்தேன். அப்பா செல்போன் சுவிட்ச் ஆஃப். பெரியப்பா போன் 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. விடியற்காலை நாலு மணிக்கு ஒரே ஒரு மெசேஜ் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் அனுப்பியது.

'அண்ணா ஓடை ஓடச்சிகிச்சி. ஆயாவ பரண் மேல ஏத்திட்டோம்.'

சார்... அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதே செல்போனில்தான் அந்த மனுவும் பாதியில் கிடந்தது.

ஒரே ஆறு... ரெண்டு ரேட்டு!

திங்கட்கிழமை சாயந்திரம்தான் ஊருக்குப் போய்ச் சேர முடிந்தது. பாதி தூரம் டிராக்டர், மீதி நடை. உயிர்ச் சேதம் இல்லை. அது அம்மன் புண்ணியம். ஆனால் எங்கள் தெருவில் இரண்டு கறவை மாடுகள், கட்டின கயிற்றோடேயே போய்விட்டன. கயிற்றை அவிழ்க்க நேரமில்லை. பால்காரக்கா சேற்றில் நின்றுகொண்டு, "வாயில்லாத ஜீவன்... கட்டுத்தறியிலேயே சுத்திச் சுத்தி வந்திருக்குது பாருங்க" என்று தரையைக் காட்டினார். வட்டமாகக் குளம்புத் தடம். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் அரை ஏக்கர் நெல் மண்ணுக்கடியில். பெரியப்பாவுடைய சவுக்கு நாற்று மொத்தமும் அவுட்.

பின்னால் நிவாரணம் அறிவித்தார்கள். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய். புதுச்சேரியில் கார்டுக்கு 5,000. எங்கள் பக்கம் தமிழ்நாடும் புதுச்சேரியும் பங்காளி வீட்டு வேலி மாதிரி, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். இந்தத் தெரு இந்த மாநிலம், அந்தக் கழனி அந்த மாநிலம்!

டீக்கடையில் ஒரு தாத்தா சொன்னார்: "ஒரே ஆறு, ஒரே தண்ணி, ஒரே ராத்திரி... தண்ணிக்குத்தான்டா பார்டர் தெரியல. காசுக்கு நல்லாத் தெரியுது!"

அதே வாரம், டிசம்பர் 3-ம் தேதி, தென்பெண்ணைப் பக்கம் இருவேல்பட்டில் ஜனங்கள் நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். பார்க்க வந்த அமைச்சர் மேல் சேற்றை வாரி வீசினார்கள். செய்தி நாடு பூராவும் பரவியது. எங்கள் ஊர் இளவட்டங்களும் துள்ளின. "நாமளும் ரோட்ல உட்காரலாம்!"

பெரியப்பா ஒரே கேள்விதான் கேட்டார். "உட்காரலாம்டா. தாசில்தார் வந்து 'இன்னா வேணும்?'னு கேட்டா இன்னா சொல்லுவ?"

ஒருத்தன் "நிவாரணம்" என்றான். ஒருத்தன் "ஆத்துக்கு செவுரு" என்றான். ஒருத்தன் "டாஸ்மாக்கை மூடணும்" என்றான்! சிரிப்பு வந்தது. ஆனால் விஷயம் புரிந்தது. என்ன வேண்டும் என்று எங்களுக்கே தெரியவில்லை.

கோலமாவு மேப்

தெரிந்திருந்தது பெண்களுக்குத்தான். நூறு நாள் வேலையில் வருஷக்கணக்காக ஓடை, வாய்க்கால், ஏரிக்கரை என்று மண்வெட்டியோடு அலைந்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாரியம்மன் கோயில் வாசலில் எங்கள் அக்கா ஒருவர் கோலமாவுக் கிண்ணத்தை எடுத்து வந்து தரையிலேயே இழுத்துக் காட்டினார்.

"இது ஏரி. இது கோடி. கோடி போற தண்ணி இந்த ஓடைல வந்து, ரோட்டுப் பாலத்துக்கு அடில பூந்து, ஆத்துல வுழணும். ஓடையில சீமைக்கருவேலம். பாலத்துல ஒத்தக் கொழா. அதுலயும் பாதி மண்ணு. தண்ணி எங்க போவும்? ஊருக்குள்ள வரும். அதே நேரத்துல ஆத்துல வெள்ளம் வந்தா, இந்த முடுக்குல கரை ஒடையும். முன்னாலயும் பாம்பு, பின்னாலயும் பாம்பு!"

சார், எம்.டெக். படித்தவர்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல மாட்டார். வெள்ளம் ஒரு பக்கத்திலிருந்து வரவில்லை. இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஆறு உயர்ந்து நிற்கும்போது ஓடைத் தண்ணீர் ஆற்றில் விழ முடியாது. முட்டிக்கொண்டு பின்னால் ஏறும். ஆகவே வெறும் ஆற்றங்கரையை உசத்தினால் பிரயோஜனம் இல்லை. ஊருக்குள் வந்த தண்ணீர் வெளியே போகக்கூட வழி இருக்காது.

நான் அந்தக் கோலத்தை போட்டோ எடுத்தேன். கீழே மூன்று கோரிக்கை எழுதினோம். ஒன்று, ஓடையை அளந்து, ஆக்கிரமிப்பும் முள்ளும் அகற்றித் தூர் வாருவது. இரண்டு, குழாய்ப் பாலத்தை அகலமான பெட்டிப் பாலமாக்குவது. மூன்று, முடுக்கில் நூறு அடி கரைக்குக் கல் பதித்துக் கட்டுவது. மூன்றே மூன்று. நான் அங்கேயே உட்கார்ந்து, செல்போனில் பாதியில் நின்ற அந்த மனுவை முழுசாக அடித்து முடித்தேன். மூன்று மாசம் தள்ளிப்போட்ட வேலை. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அதுதான் வலித்தது.

2025 ஜனவரி 26 கிராம சபையில் அதைத் தீர்மானமாக வைத்தோம். வழக்கமாகக் கிராம சபை என்றால் எங்கள் ஊரில் பத்து நிமிஷம். கையெழுத்துப் போடுவது, டீ குடிப்பது, கலைவது. அன்று மூணு மணி நேரம்! தீர்மான நோட்டில் வரிக்கு வரி எழுதச் சொல்லி, எழுதினதைப் படிக்கச் சொல்லி, அப்புறம்தான் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். "போன வருஷமும் 'தூர் வாரணும்'னுதான் எழுதினாங்க. எந்த ஓடைய, எவ்ளோ நீளம்? எழுதுங்க சார்!" என்று பால்காரக்கா போட்ட சத்தத்தில் ஊராட்சிச் செயலர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

கோணல் யாத்திரை

அப்புறம் ஆரம்பித்தது எங்கள் கோணல் யாத்திரை.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். வரிசையில் நின்று மனு கொடுத்தோம். ரசீது கொடுத்தார்கள். பத்து நாளில் பதில் வந்தது. 'தங்கள் மனு உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது.'

உரிய அலுவலகத்துக்குப் போனோம். "ஓடையா? அது எங்க கணக்குல இல்லையே. ஆத்தங்கரை மட்டும்தான் நாங்க பார்ப்போம்."

அடுத்த அலுவலகம். "ஓடை சரி. பாலம் ரோட்டுக்காரங்களோடது."

ரோட்டுக்காரர். "பாலம் கட்டலாம். ஆனா ஓடை எவ்ளோ அகலம்னு சர்வே பண்ணிக் குடுக்கணும்."

சர்வே பார்க்கிற இடம். "பண்ணிடலாம். அந்த ஆபீஸ்ல இருந்து கடிதம் வரணும்."

எந்த ஆபீஸ்? முதலில் போன அதே ஆபீஸ்! கோயிலைப் பிரதட்சணம் வந்த மாதிரி சுற்றி வந்து கொடிமரத்தடியிலேயே நின்றோம். பெரியப்பா வெளியே வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு.

ஒன்று சொல்லவேண்டும். யாரும் எங்களை விரட்டவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் அளவில் சரியாகத்தான் பேசினார்கள். தண்ணீர்தான் தப்பு செய்தது. ஒரு டிபார்ட்மென்ட்டில் ஆரம்பித்து, இன்னொன்றில் ஓடி, மூன்றாவதில் புகுந்து, நாலாவதில் போய் விழுகிறது. அதற்கு இலாகா பிரிவினை தெரியவில்லை, பாவம்!

யார் கையில் எது? கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்!

ஆற்றங்கரை, அணை, நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் தருகிற ஏரிகள்: நீர்வளத் துறை. 2021-ல் இருந்து இது பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்த தனித் துறை.

நூறு ஏக்கருக்குள் பாசனம் தருகிற சின்ன ஏரி, குளம், குட்டை: ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம்.

புறம்போக்கு, ஆக்கிரமிப்பு, அளவீடு: வருவாய்த் துறை. நீர்வளத் துறை ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது.

பாலம்: அந்த ரோடு யாருடையதோ அவர்களுடையது. நெடுஞ்சாலைத் துறை ரோடா, ஒன்றிய ரோடா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓடை அகலம் தெரியவேண்டுமா? புல வரைபடமும் 'அ' பதிவேடும் தமிழ்நாடு அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். சர்வே நம்பர் இருந்தால் போதும்.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இருந்த நாலோடு, உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம் உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ம் 2022-ல் சேர்ந்தன. வெள்ளத்துக்கு மனு கொடுக்க நல்ல நேரம் நவம்பர் அல்ல. கோடை! எஸ்டிமேட், டெண்டர், வேலை எல்லாம் மழைக்கு முன்னால் முடியவேண்டாமா?

வரைபடம் பேசியது

எங்கள் கேஸில் திருப்பம் அந்தப் புல வரைபடத்தில்தான். ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸ் கம்ப்யூட்டரில் (மேனேஜர் படிக்காமலிருக்கட்டும்!) சர்வே நம்பரைத் தட்டினேன். வரைபடத்தில் ஓடை எட்டு மீட்டர் அகலம். தரையில் இருந்ததோ இரண்டு மீட்டர்.

மீதி ஆறு மீட்டர் எங்கே போயிற்று?

ஊருக்குப் போய் டேப் வைத்து அளந்தோம். இரண்டு பக்கமும் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியிருந்தார்கள். யார் என்று கேட்காதீர்கள். ஒரு பக்கத்தில் எங்கள் தூரத்துப் பங்காளி. இன்னொரு பக்கத்தில்... சொல்லத்தான் வேண்டும்... எங்கள் அரை ஏக்கர். என் தாத்தா காலத்தில் ஒரு மீட்டர், அப்பா காலத்தில் ஒரு மீட்டர்!

அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆபீஸ் ஆபீஸாகப் போய் நியாயம் கேட்டவர்கள், எங்கள் வரப்பிலேயே வெள்ளத்தைக் கட்டி வைத்திருக்கிறோம். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "காலைல வரப்ப வெட்டிடலாம்" என்றார். பரண் மேல் ஏறி உயிர் பிழைத்த ஆயா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "அந்த மண்ணுல வெளஞ்சத நாம தின்னோம். அதுக்குத்தான் தண்ணி வந்து நம்மள தின்னப் பாத்துது."

மறுநாள் காலை அப்பாதான் முதல் வெட்டு வெட்டினார். அதைப் பார்த்துப் பங்காளியும் இறங்கினார். முறைத்துக்கொண்டுதான் இறங்கினார். பரவாயில்லை. வெட்டினாரே!

எட்டு மீட்டர் என்று காட்டும் வரைபடம், கிராம சபைத் தீர்மானம், கோலமாவு போட்டோ, 'நாங்களே விட்டுக்கொடுத்துவிட்டோம்' என்ற கடிதம். நாலையும் சேர்த்துக் குத்தி, நாலு அலுவலகத்துக்கும் ஒரே நாளில் ஒரே மனு கொடுத்தோம். ஒவ்வொன்றிலும் மற்ற மூன்றுக்கும் நகல் என்று போட்டோம். இந்த யோசனை யாருடையது தெரியுமா? இப்படியே மெயிலில் நாலு பேருக்கு 'சிசி' போட்டு என்னை வேலை வாங்குகிற என் மேனேஜருடையது! அவருக்குத் தெரியாது.

சீமையிலும் இதே கதைதான்

நாம் மட்டும்தான் அலைகிறோம் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் பிக்கரிங் என்று ஒரு சின்ன ஊர். 1999, 2000, 2002, 2007 என்று நாலு தடவை வெள்ளம். சுவர் கட்டச் செலவு அதிகம், கட்டுப்படியாகாது என்றார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. நிபுணர்களோடு உட்கார்ந்து வேறு வழி தேடினார்கள். மேலே காட்டு ஓடைகளில் மரக்கட்டைகளைக் குறுக்கே போட்டு, தண்ணீர் கசிந்து மெதுவாக இறங்குகிற மாதிரி 167 தடுப்புகள். கூடவே மரம் நட்டு, ஊருக்கு மேலே வெள்ளம் தேங்க ஒரு கரையும் கட்டினார்கள். 2015 கிறிஸ்துமஸ் மழையில் சுற்றுவட்டாரமே மிதந்தது. பிக்கரிங் தப்பித்தது. திட்டத்தின் பெயரே 'ஓட்டத்தை மெதுவாக்கு' என்பதுதான்.

அவ்வளவு தூரம் ஏன்? பக்கத்துப் புதுச்சேரியிலேயே 1999-ல் ஐரோப்பிய யூனியன் நிதியுதவியோடு ஏரி சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. 84 ஏரிகள். ஏரிக்கு ஏரி ஊர்க்காரர்களே சங்கம் வைத்து வேலையில் கலந்துகொண்டார்கள். பேராவூரணியில் 2018 கஜா புயலுக்குப் பிறகு இளைஞர்களும் விவசாயிகளும் 'கைஃபா' என்ற சங்கமாகச் சேர்ந்து, காசு திரட்டி, பெரியகுளம் ஏரியைத் தூர் வாரினார்கள்.

அந்தக் காலத்தில் இதற்குக் குடிமராமத்து என்று பெயர். மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும். வெள்ளைக்காரன் 1858-ல் அதைச் சட்டமாகவே எழுதினான். 2017-ல் தமிழ்நாடு அரசு அந்தப் பெயரிலேயே திரும்பத் திட்டம் கொண்டுவந்தது. பெயர் திரும்பி வந்தது சந்தோஷம். வீட்டுக்கு ஓர் ஆள் திரும்பி வந்தாரா என்பதுதான் கேள்வி. நான் வரவில்லையே! 'ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்' என்றவன்தானே?

கடைசியில் என்ன ஆச்சு?

இதைக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும்.

2025 ஆடி மாதம் ஜேசிபி வந்தது. ஓடை எட்டு மீட்டருக்குத் திரும்பிவிட்டது. ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. கருவேலம் வேரோடு வந்த ஒவ்வொரு தடவையும் பையன்கள் விசில் அடித்தார்கள், ரஜினி படம் முதல் ஷோ மாதிரி!

பாலம் 'எஸ்டிமேட் போட்டு அனுப்பியாச்சு' என்கிற நிலைமைக்கு வந்தது. அதிலிருந்து நகரவில்லை. மண் அடைத்த குழாயை மட்டும் ஊர்க்காரர்கள் நாங்களே சுத்தம் செய்தோம்.

கரை? கல் பதிக்கவில்லை. மணல் மூட்டை அடுக்கி, சவுக்குக் கட்டை அடித்தார்கள். நாங்கள் பின்னாலேயே பனங்கொட்டை ஊன்றினோம். பனை வேர் பிடித்துக் கரையைக் கட்டுவதற்குள் எனக்கு நரைத்துவிடும். இருக்கட்டும். என் பிள்ளைக்கு உதவும் (முதலில் பெண் பார்க்கட்டும்!).

மூன்றில் ஒன்று முழுசு, ஒன்று பாதி, ஒன்று ஃபைல். பாஸ் மார்க்குதான்.

அரசாங்கத்தைக் கேட்காமல் நாங்களே செய்தது ஒன்று உண்டு. பாலத்துத் தூணில் பெயின்ட்டில் அடிக்கணக்கு எழுதினோம். பச்சை, மஞ்சள், சிவப்பு. மழை ராத்திரிகளில் முறை வைத்து இரண்டு பேர் டார்ச் அடித்துப் பார்த்து, வாட்ஸ்அப் குரூப்பில் போடவேண்டும். மஞ்சள் தாண்டினால் மாட்டை அவிழ்க்கணும். சிவப்பு தொட்டால் ஆயாக்களை, பிள்ளைகளை ஸ்கூல் மாடிக்கு ஏற்றணும். தண்டோரா போடுவதை 2022-லேயே அரசு நிறுத்தச் சொல்லிவிட்டது. அதற்குப் பதில் கோயில் மைக். மாட்டை அவிழ்க்கிற வரியைச் சேர்க்கச் சொன்னது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

எங்கள் வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற இடத்தில் ஒரு செம்மண் கோடு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதையும் சேர்த்து அடிக்கப்போனேன். ஆயா தடுத்துவிட்டார். "அது இருக்கட்டும்டா. அழிச்சிட்டா நீ மறந்துடுவ."

சொல்லிக்கொண்டே இருக்கும்போது பெரியப்பா வந்தார். கையில் அதே நோட்டுப் புத்தகத் தாள்.

"தம்பி... பாலத்து எஸ்டிமேட் எங்க நிக்குதுன்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கலாமாமே. இத கொஞ்சம் டைப் அடிச்சிக் குடு. ஒண்ணும் அவசரமில்ல, ஞாயித்துக்கிழமை கூட..."

"வேணாம் பெரிப்பா. இங்கயே உட்காருங்க. இப்பவே அடிச்சிடலாம்."